கோட்டு போட்ட கானா

(நெய்வேலி நகரியத்தில் இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ராப் பாட்டைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேச என்ன இருக்கிறது என்று இங்கே சிலருக்குத் தோன்றலாம். நான் பாட்டோடு நிறுத்தப்போவதும் இல்லை. பாடியவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே பேசப்போகிறேன். எடுத்துக்கொண்டது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழுவின் கதை. சாதியை எதிர்த்துப் பாடிய குழு என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது சரிதான். ஆனால் அவர்கள் ஏன் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு மேடையேறினார்கள் என்று கேட்டால்தான் அந்த வரலாறு முழுதாகப் பிடிபடும் என்பது என் கட்சி. எளிய மக்களின் பாட்டை எடுத்துக்கொள்ள நம் சமூகம் ஒருபோதும் தயங்கியதில்லை. பாடியவரின் முகத்தைப் பார்க்கத்தான் தயங்கியிருக்கிறது.

2018 ஜனவரி 6ஆம் தேதி. சென்னை கீழ்ப்பாக்கத்தில் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானம். மார்கழி இன்னும் முடியவில்லை. அந்த மைதானத்தில் 19 பேர் மேடையேறினார்கள். ஒரே மாதிரித் தைத்த சாம்பல் நிறக் கோட்டு சூட்டு. அவர்களில் ஒரே பெண், ராயபுரத்து இசைவாணி. கிட்டாரும் டிரம்ஸும் ஒரு பக்கம். அவற்றுக்குச் சமமாக, பின்னணிக்கு ஒதுக்காமல், பறையும் சட்டியும் கட்டமோளமும். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. வடசென்னையின் கானாப் பாடகர்களையும் ராப் பாடகர்களையும் தேடித் தேர்ந்து ஒரே மேடையில் நிறுத்தினார்கள். முத்து, பாலச்சந்தர், செல்லமுத்து, அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு என்று பாடகர்களே பலர்.

குழுவின் பெயருக்கு வேர் அயோத்திதாசப் பண்டிதரிடம் இருக்கிறது. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் மக்கள் சாதியற்ற தமிழராகப் பதிவாக வேண்டும் என்று வாதாடியவர். நூறாண்டுக்கு மேலாக ஏட்டில் கிடந்த அந்த எண்ணத்தை இவர்கள் ஒலிபெருக்கி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

இப்போது கானாவுக்கு வருகிறேன். இந்தப் பாட்டின் தலைமறைவு வாழ்க்கை அங்கேதான் இருக்கிறது.

புளியந்தோப்பு, வியாசர்பாடி, காசிமேடு பக்கத்தில் ஒருவர் இறந்துபோனால் கானாப் பாடகரைக் கூப்பிடுவார்கள். இரவு முழுக்கப் பாட்டு நடக்கும். இறந்தவர் யார், என்ன வேலை பார்த்தார், யாரை விட்டுப் போகிறார் என்று அந்த இடத்திலேயே சொல் கட்டிப் பாடுவார்கள். மரண கானா என்று அதற்குப் பெயர். எழுதிவைத்துக்கொண்டு பாடுவதில்லை. முன்னால் இருப்பவரின் அழுகையைப் பார்த்து அடுத்த வரி மாறும். நியூயார்க்கில் ஃப்ரீஸ்டைல் என்று கொண்டாடுகிறார்களே, அந்தத் திறமை நம் சாவு வீட்டுப் பந்தலில் யாரும் கொண்டாடாமல் பல தலைமுறையாக இருந்துவந்தது. சபா அதைப் பாட்டு என்று ஏற்கவில்லை. வானொலி கண்டுகொள்ளவில்லை. கேசட்டில்தான் அது ஊர்விட்டு ஊர் போயிற்று.

சினிமா மட்டும் கண்டுகொண்டது. தொண்ணூறுகளில் தேவாவின் இசையில் கானா மெட்டு தமிழ்நாடெங்கும் பரவியது. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ வந்தபோது பேட்டைப் பேச்சும் ராப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்பது எல்லோர் காதுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் திரையில் ஆடியது கதாநாயகன். பேட்டை மெட்டு, பேட்டைப் பேச்சு, பேட்டை லுங்கி எல்லாம் திரைக்கு வந்தன. பேட்டைக்காரர் அநேகமாக வரவில்லை. வந்தாலும் ரவுடியாகவோ குடிகாரராகவோ வந்து இரண்டு நிமிடம் சிரிக்க வைத்துவிட்டுப் போனார். 2012இல் ரஞ்சித்தின் முதல் படம் ‘அட்டகத்தி’ கானா பாலாவை ஊரறியச் செய்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். கானா பாடுகிறவருக்குப் பெயர் கிடைக்கத் தொடங்கியது அப்போதுதான்.

இனி கோட்டு.

1930 டிசம்பர் மாதம், ராமநாதபுரம் சீமை. ஆதிக்க சாதியார் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுக் கட்டளைகள் போட்டார்கள். 1931 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றை எழுதிவைத்திருக்கிறார். தங்கமோ வெள்ளியோ போடக்கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக்கூடாது. முடி வெட்டிக்கொள்ளக்கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வீட்டில் இருக்கக்கூடாது. இந்தப் பட்டியலில் இன்னொரு கட்டளை, ஆண்கள் கோட்டோ சட்டையோ பனியனோ போடக்கூடாது என்பது. மீறிய இடங்களில் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடு மாடுகளை ஓட்டிப்போனார்கள்.

கோட்டு என்ற பொருள் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அந்த ஊர்களில் எத்தனை பேரிடம் கோட்டு இருந்திருக்கும்? பட்டாளத்துக்கும் கடல்கடந்த தோட்டங்களுக்கும் போய்வந்த ஒருசிலரிடம் இருந்திருக்கலாம். அந்த ஒருசிலர் தெருவில் நடந்ததே பொறுக்கவில்லை.

அதே குளிர்காலத்தில், 1930 நவம்பர் 12ஆம் தேதி, லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு தொடங்கியது. ஒடுக்கப்பட்டோரின் பேராளர்களாகப் போனவர்கள் இருவர். ஒருவர் டாக்டர் அம்பேத்கர். இன்னொருவர் நம் செங்கல்பட்டுச் சீமையின் இரட்டைமலை சீனிவாசன். இருவரும் கோட்டு அணிந்து அரசரின் முன்னால் நின்றவர்கள். லண்டனில் அந்தக் கோட்டு. ராமநாதபுரத்தில் கோட்டுக்குத் தடை. இரண்டுக்கும் இடையே சில வாரங்கள்தான். அம்பேத்கர் சிலைகளெல்லாம் ஏன் கோட்டோடு நிற்கின்றன என்று பிள்ளைகள் கேட்டால் இந்த 1930ஐச் சொல்லுங்கள். நான் அறிந்தவரை இதைவிடச் சுருக்கமான விடை கிடையாது.

ரஞ்சித் இதை அறிந்தே செய்தார். 2016இல் வந்த ‘கபாலி’யில் ரஜினிகாந்த் படம் நெடுக கோட்டு சூட்டோடு வருகிறார். சிறையிலிருந்து வெளியே வரும் முன் அவர் கையில் இருக்கும் புத்தகம் ஒய்.பி. சத்தியநாராயணா எழுதிய ‘மை ஃபாதர் பாலையா’. ஒரு தலித் குடும்பம் ரயில்வே வேலையையும் கல்வியையும் பிடித்துக்கொண்டு மேலே வந்த கதை அது. காந்தி உடையைக் குறைத்ததற்கும் அம்பேத்கர் கோட்டு போட்டதற்கும் காரணம் உண்டு என்பதைக் கதாபாத்திரம் தன் வாயாலேயே பேசுகிறது. படத்தில் கதாநாயகன் போட்ட கோட்டை ஒன்றரை ஆண்டு கழித்து சட்டி அடிக்கிறவரும் கட்டமோளம் அடிக்கிறவரும் கீழ்ப்பாக்கத்தில் போட்டுக்கொண்டார்கள். என் கணக்கில் இரண்டாவது நிகழ்ச்சிதான் பெரியது. நடிகருக்கு எந்த உடையும் பொருந்தும். சாவு வீட்டில் மேளம் அடிக்கிறவருக்கு இன்ன உடைதான் என்று ஊர் முடிவு கட்டிவைத்திருந்தது.

பறை அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அடிக்கும் முன்னால் வைக்கோலைக் கொளுத்தி அந்த அனலில் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். ஈரம் வற்றித் தோல் இறுக வேண்டும். விரலால் சுண்டிப் பார்த்து, போதாது என்றால் மறுபடி நெருப்புக்குப் போகும். பிறகு வாரைத் தோளில் மாட்டி, வளையத்தை மார்போடு சாய்த்து, வலக்கையில் குட்டையான அடிக்குச்சியும் இடக்கையில் மூங்கிலைச் சீவிய நீண்ட சிண்டுக்குச்சியும் பிடிப்பார்கள். அனலும் வியர்வையும் தோளை உரசும் வாரும் சேர்ந்த வேலை அது. அதனால் வெற்று மார்போ பனியனோதான் வழக்கம். அந்தத் தோளில் தைத்த கோட்டு ஏறும்போது கை வீச்சு கொஞ்சம் இடைஞ்சல்படும், கழுத்துப் பட்டை இறுக்கும், சென்னையின் புழுக்கம் வேறு. அத்தனையும் பொறுத்துக்கொண்டு அவர்கள் போட்டார்கள். பார்க்க வந்த கூட்டம் ஆயிரக்கணக்கில் இருந்தது. மேடையில் தன் மாமனையோ அண்ணனையோ கண்ட பிள்ளைகள் அன்று அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அவர்கள் கண்ணுக்குத்தான் அந்த உடை.

பாட்டுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. இடஒதுக்கீட்டை ஏன் கேட்கிறோம் என்று ஒரு பாட்டு. மாட்டுக்கறி பற்றி ஒன்று. அம்பேத்கரைப் பாடியது ஒன்று. வடசென்னையைப் பாடியது ஒன்று. மேடைப் பேச்சாளர்கள் ஒரு மணி நேரம் திணறும் விஷயத்தை நான்கு நிமிடத்தில், ஆடிக்கொண்டே கேட்கும்படி சொல்லிவிட்டார்கள். கானாவின் இழுவையும் ராப்பின் வேகமும் மாறிமாறி வரும்போது வாதம் பாட்டாகவே நகர்கிறது. எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் கோஷம் பாட்டை மிஞ்சிவிடுகிறது. பறையும் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்தும் இடங்களில் அந்தக் குறையே தெரிவதில்லை.

ராப்புக்கும் உடைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் ஐயம் இருந்தால் ராப் பிறந்த இரவுக்கே போகலாம். 1973 ஆகஸ்டு 11. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடம். சிண்டி கேம்பெல் என்ற பெண் ஒரு விருந்து நடத்தினாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். அவளுடைய அண்ணன் இசைத்தட்டு சுழற்றினார். டிஜே கூல் ஹெர்க் என்று பின்னால் உலகமே அறிந்தவர் அவர்தான். ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்று அந்த நாளைத்தான் குறிக்கிறார்கள். சிண்டி எதற்காகக் காசு சேர்த்தாள்? பள்ளி திறக்கப்போகிறது, புதுத்துணி வாங்க வேண்டும். அதற்காக.

அந்தப் பிராங்க்ஸ் எப்படி ஏழைகளின் பகுதி ஆனது என்பதை நெய்வேலியில் சொன்னால் சட்டென்று புரியும். 1948 முதல் 1972 வரை ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி அந்தப் பகுதியின் குறுக்கே ஒரு விரைவுச்சாலை போட்டார். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வீடு போயிற்று. போகமுடிந்தவர்கள் போனார்கள், மிஞ்சியவர்கள் ஏழைகள். ‘நாட்டு நலன்’ என்ற பெயரில் எடுக்கப்பட்ட நிலத்தின் ஓரத்தில் வாழ்வது எப்படி என்பதை இந்த அவையில் உள்ள பலர் எனக்குச் சொல்லித்தர முடியும்.

பக்கத்து ஹார்லெமில் டேப்பர் டேன் என்ற தையற்காரர் 1982இல் கடை திறந்தார். பெரிய கம்பெனிகளின் முத்திரைகளைத் தோலில் அச்சிட்டு, அந்தக் கம்பெனிகள் கனவிலும் தைக்காத சட்டைகளை ராப் பாடகர்களுக்குத் தைத்துக்கொடுத்தார். முத்திரை உரிமை வழக்குகளும் சோதனைகளும் வந்து 1992இல் கடையை மூட வேண்டியதாயிற்று. 2017இல் இத்தாலியின் குச்சி நிறுவனம் ஒரு மேலங்கியை அறிமுகப்படுத்தியது. அது 1989இல் ஓட்டப்பந்தய வீராங்கனை டயான் டிக்சனுக்கு டேன் தைத்ததன் அப்பட்டமான பிரதி. கண்டனம் எழுந்த பிறகுதான் குச்சி அவரோடு கைகோத்தது. உருவாக்கியவர் வெளியே, உருவம் கடைக்கண்ணாடிக்குள்ளே. கானாவுக்கு நேர்ந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் ராப் ஒரே ஊரில் பிறந்ததில்லை. மலேசியாவின் யோகி பி குழு 2006இல் ‘வல்லவன்’ ஆல்பத்தோடு நம் பிள்ளைகளின் செல்போனுக்குள் வந்தது. ஈழத்து வேர்கொண்ட எம்.ஐ.ஏ. லண்டனிலிருந்து 2005இல் தன் தகப்பனார் பெயரிலேயே ‘அருளர்’ வெளியிட்டார். ஆதியும் ஜீவாவும் ‘ஹிப்ஹாப் தமிழா’ என்று வந்து சினிமாவைப் பிடித்தார்கள். தாராவியின் தமிழ்ப் பையன்கள் டோப்அடெலிக்ஸ் என்ற குழுவாக 2018இல் ‘காலா’வில் பாடினார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சொற்பொழிவு வேண்டும், இங்கே பெயரோடு விடுகிறேன். இவர்களுக்கு நடுவே கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் தனித்து நிற்கக் காரணம், ராப்பைத் தமிழுக்குக் கொண்டுவந்தோம் என்று அவர்கள் பெருமை பேசாததுதான். அது இங்கேயே, சாவு வீட்டுப் பந்தலில் இருந்தது என்றார்கள்.

இனி எனக்கு வருத்தம் தரும் பகுதி.

2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தது. அறிவு எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடிய பாட்டு. இசை சந்தோஷ் நாராயணன். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவரைப் போன்ற தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று காகிதத்தில் முடிவு செய்தது. மலையைக் காடழித்துத் தோட்டமாக்கியவர்களுக்கு இரண்டு நாட்டிலும் ஒரு குழி நிலம் சொந்தமில்லை. அந்தப் பாட்டியின் நினைவிலிருந்து வந்த பாட்டைக் கோடிக்கணக்கான பேர் கேட்டார்கள், ஆடினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு அந்தப் பாட்டையும் ‘நீயே ஒளி’யையும் முன்வைத்து ஓர் அட்டை வெளியிட்டது. இரண்டு பாட்டிலும் அறிவின் எழுத்து இருந்தது. அட்டையில் தீயும் ‘நீயே ஒளி’ பாடிய ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. ரஞ்சித் பொதுவெளியில் கேட்ட பிறகு அறிவை வைத்துத் தனியாக ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலை 28இல் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது. மேடையில் அவர் இல்லை.

அதன்பின் அறிவு தன் உழைப்பைப் பற்றி எழுதினார். பாட்டு மூவரின் கூட்டுழைப்பு, உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். தீயும் தன் பக்கத்தைச் சொன்னார். 2024இல், அந்தப் பாட்டால் தங்கள் யாருக்கும் வருமானமே வரவில்லை என்று சந்தோஷே வெளிப்படையாகச் சொன்னார். அவர்களுக்குள் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்கு உறுத்துவது அந்த அட்டைதான். அத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகும், எழுதிய கையை விட்டுவிட்டு ஒரு படத்தைப் பிடிக்க முடிந்திருக்கிறது, பிடித்தவர்களுக்கு ஏதோ குறைகிறது என்றுகூடத் தோன்றவில்லை.

இசைவாணிக்கு நேர்ந்தது வேறு விதம். ஆண்களே பாடிவந்த கானாவில் துணிந்து வந்த பெண். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். கோயிலுக்குள் பெண் நுழைவது பற்றி 2018இல் குழுவோடு பாடிய பாட்டுக்காக, ஆறு ஆண்டு கழித்து 2024 நவம்பரில் அவர்மேல் புகார்கள் குவிந்தன, மிரட்டல்கள் வந்தன. பாட்டை ஒரு குழு உருவாக்கியது. வசவு மட்டும் ஒரு பெண்ணின் முகத்தைத் தேடி வந்தது. முகம் தெரிவதற்கு இப்படியொரு விலையும் இருக்கிறது என்பதை நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் பாட வரும்போது நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும், அவர்கள் பக்கம் நிற்க வேண்டும்.

குழு இன்று பல கிளைகளாகியிருக்கிறது. அறிவு ‘அம்பாசா’ என்று தனியாக நடக்கிறார். நீலம் 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ ஒப்பாரியையும் பறையையும் கானாவையும் ராப்பையும் சபா மாதத்திலேயே மேடையேற்றுகிறது. கலைக்குழுக்கள் பிரிவது இயல்பு, அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

இந்த ஊருக்கு வருகிறேன். ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கறுப்பாக ஏதோ வந்தது என்ற கதை உங்களுக்கு மனப்பாடம். 1956இல் நிலக்கரி நிறுவனம் வந்தது, எண் போட்ட வட்டங்களாக நகரியம் வந்தது, மின்சாரம் வந்தது. அதற்கு முன்னால் இந்தச் சுரங்கம் இருக்கும் இடத்தில் ஊர்கள் இருந்தன. நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய பெண்கள் இருந்தார்கள், பறையடித்தவர்கள் இருந்தார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற வயலுக்குள் சுரங்கத்துக்காக இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது. ‘ஜெய் பீம்’ படத்துக்கு மூலமான 1993ஆம் ஆண்டுக் காவல் நிலையக் கொடுமை இதோ பக்கத்துக் கம்மாபுரத்தில்தான் நடந்தது. அந்தப் படத்திலும் அறிவு பாடியிருக்கிறார். பாட்டுக்கான பொருளைத் தேடி நீங்கள் வடசென்னைக்குப் போக வேண்டியதில்லை.

பின்னால் நிற்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களில் சிலர் ராப் எழுதுகிறீர்கள் என்று வரும் வழியில் சொன்னார்கள். உங்கள் பாட்டியும் பெரியம்மாவும் எடுத்துக்கட்டி அழும் ஒப்பாரியை முதலில் பதிவு செய்யுங்கள். அவர்கள் சம்மதத்தைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அதிலிருந்து ஒரு வரியோ மெட்டோ எடுத்தால், வெளியிடும்போது முதல் பெயராக அவர்கள் பெயரைப் போடுங்கள், நிலம் போவதற்கு முன்னிருந்த ஊரின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். வீடியோ எடுக்கும் நாளில் அவர்களைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வையுங்கள். என்ன புடவை கட்டிக்கொள்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.